டேஷ்போர்டு இருந்தும் எம்.டி. ஏன் பழைய எக்செல் ஷீட்டையே கேட்கிறார்?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எம்.ஐ.எஸ்., அதாவது நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் தயாரிக்கும் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ மென்பொருளில் 14 சார்ட் வைத்து ஒரு டேஷ்போர்டு செய்தீர்கள். எம்.டி. இரண்டு நாள் திறந்து பார்த்தார், மூன்றாம் நாள் ‘அந்தப் பழைய எக்செல்லையே அனுப்பிடுப்பா’ என்று சொல்லிவிட்டார். எந்த சார்ட் போட்டால் அவர் தொடர்ந்து பார்ப்பார் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: அந்த எக்செல்லில் இருந்த எது உங்கள் டேஷ்போர்டில் காணாமல் போனது? பெரும்பாலும் இரண்டு விஷயங்கள். எக்செல்லில் அவர் தன் ஆர்டர் நம்பரைத் தேடி அந்த ஒரு வரியைப் பார்க்க முடிந்தது. சந்தேகம் வந்தால் நான்கு கட்டத்தைக் கூட்டிச் சரிபார்க்கவும் முடிந்தது. டேஷ்போர்டில் மொத்தம் மட்டும் தெரிகிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாத எண்ணை நம்பி அவர் பையருக்கு ஒரு தேதி சொல்ல மாட்டார்.

உங்கள் திரையை நான் பார்க்கவில்லை, தகவல் எந்த ஈஆர்பியிலிருந்து (கம்பெனிப் பதிவுகள் எல்லாம் இருக்கும் மென்பொருள்) வருகிறது என்றும் நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கீழே கணக்கு, தேதி, டேட்டா மாடல் பற்றி வருபவை எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். அவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. திரையில் எதை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது என்பதெல்லாம் அனுபவத்தில் வரும் கருத்து. அவை வரும் இடத்தில் கருத்து என்றே சொல்கிறேன்.

முதல் வேலையை கம்ப்யூட்டரில் தொடங்க வேண்டாம். காலை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் ஒரு வாரம் ஓரமாக உட்காருங்கள். எம்.டி. கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள். பக்கத்திலேயே, பதில் கிடைத்ததும் அவர் யாருக்குப் போன் செய்தார், என்ன மாற்றச் சொன்னார் என்றும் எழுதுங்கள். ஏற்றுமதித் தையல் கம்பெனிகளில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். எந்த ஆர்டர் தேதிக்குப் போகாது? அது எந்த இடத்தில் நிற்கிறது, கட்டிங்கிலா, பிரிண்டிங் போன இடத்திலா, தையலிலா, செக்கிங்கிலா? எந்த லைன், அதாவது தையல் மெஷின் வரிசை, படுத்திருக்கிறது, ஆள் இல்லாமலா, பீஸ் வராமலா? இப்போது உங்கள் 14 சார்ட்டையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ‘இந்த எண் நாளைக்கு மாறினால் யார் என்ன செய்வார்?’ என்பதற்குப் பதில் எழுதிப் பாருங்கள். பதில் வராத சார்ட்டுக்கு முதல் பக்கத்தில் இடமில்லை. பையர் வாரியாக இந்த ஆண்டு விற்பனை என்ற வட்டம் அழகாகத்தான் இருக்கும்; ஆனால் காலை ஒன்பதரை மணிக்கு அதைப் பார்த்து யாரும் எதையும் செய்யப் போவதில்லை. அது மாதக் கடைசிக் கூட்டத்துக்கு உரியது.

முதல் பக்கத்தின் பாதியை ஒரே ஒரு அட்டவணைக்குக் கொடுங்கள் என்பேன். சார்ட்டே இல்லாத வெறும் அட்டவணை. ஒரு வரியை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆர்டர் 12,000 பீஸ். தையலில் இன்னும் 4,800 பாக்கி. சரக்கு கேட்டைத் தாண்ட வேண்டிய தேதிக்கு இன்னும் 9 வேலை நாள் இருக்கிறது; செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு 3 நாள் ஒதுக்கினால் தையலுக்கு மிஞ்சுவது 6 நாள். எனவே தினமும் 800 பீஸ் வர வேண்டும். கடந்த மூன்று நாளில் வந்தது 610, 640, 580, அதாவது சராசரி 610. இந்த வேகத்தில் 4,800 பீஸை 610-ஆல் வகுத்தால் 7.9, எட்டாம் நாள்தான் முடியும். 2 நாள் பற்றாக்குறை. ஆர்டர் நம்பர், பையர், தையல் பாக்கி, தினசரி தேவை, தினசரி வரவு, பற்றாக்குறை நாள் என ஆறே பத்திகள். பற்றாக்குறை அதிகமுள்ள ஆர்டர் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ‘60 சதவீதம் முடிந்தது’ என்று காட்டும் டயல் இதே ஆர்டரைப் பற்றித்தான் பேசுகிறது, ஆனால் அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் உறைக்காது. ‘2 நாள் குறைகிறது’ என்றால் இன்றே இன்னொரு லைனை ஒதுக்குவதா, ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவதா என்ற பேச்சு தொடங்கும். கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு எவ்வளவு என்று எம்.டி.க்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லும் அட்டவணையை அவர் தினமும் திறப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூன்று நாள் சராசரி புது ஸ்டைல் லைனில் ஏறிய முதல் வாரத்தில் ஏமாற்றும். ஆட்களுக்குக் கை பழகும்வரை வரவு குறைவாகத்தான் இருக்கும், பிறகு ஏறும். அந்த வாரத்துக்கு வரியின் ஓரத்தில் ‘புது ஸ்டைல்’ என்று ஒரு சொல் வந்தால் போதும். கணக்கை மாற்ற வேண்டியதில்லை.

அட்டவணைக்குக் கீழே, ஆர்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு ஒரு பார் சார்ட். வெட்டியது, தைத்தது, செக்கிங் முடிந்தது, பேக் ஆனது என்று வரிசையாக நான்கு பார். இரண்டு பாருக்கு நடுவில் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கட்டத்தில் தேங்கியிருக்கும் பீஸ். வெட்டும்போது சேதத்துக்காகச் சில சதவீதம் கூடுதலாக வெட்டுவது வழக்கம் என்பதால், ஆர்டர் அளவை ஒரு கோடாக மேலே வரைந்துவிடுங்கள். பேக் ஆன பார் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். தைத்தது வெட்டியதைவிட அதிகமாக வந்தால் கணக்கில் தவறு இருக்கிறது என்று அர்த்தம். பிரிண்டிங்குக்கோ எம்ப்ராய்டரிக்கோ ஜாப் ஒர்க்காக வெளியே போய்த் திரும்பிய பீஸுக்கு டி.சி. (டெலிவரி சலான்) பதிவு ஆகாமல் இருக்கும், அல்லது ஒரே பண்டலை இரண்டு பேர் பதிவு செய்திருப்பார்கள். இப்படி மைனஸ் வரும் ஆர்டர்களைத் திரையில் மறைக்காதீர்கள். ‘பதிவு சரிபார்க்க வேண்டியவை’ என்று தனியாக ஒரு சின்னப் பட்டியலில் காட்டுங்கள். தவறை நீங்களே முன்வந்து காட்டினால் மற்ற எண்கள் மீது நம்பிக்கை கூடும், எம்.டி. கண்டுபிடித்தால் மொத்தமும் போய்விடும்.

நம்பிக்கைக்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு சோதனை. ஒரு நாள், ஒரு லைன், ஒரு ஆர்டர் எடுத்துக்கொள்ளுங்கள். லைன் சூப்பர்வைசரின் ரிஜிஸ்டரில் அன்று எழுதிய பீஸ் எண்ணிக்கையில் தொடங்கி ஈஆர்பி, பவர் குவெரி (பவர் பிஐக்குள் தகவலை எடுத்துச் சீர்செய்யும் பகுதி), திரை என்று ஒவ்வொரு படியிலும் அந்த எண் மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அதையே புரொடக்‌ஷன் மேனேஜரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். ஐந்து ஆர்டருக்கு இப்படிச் செய்து எண் ஒத்துவந்தால் அவரே மீட்டிங்கில் உங்களுக்காகப் பேசுவார்.

எண் ஒத்துவராமல் போவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம், எல்லாவற்றையும் ஒரே ஷீட்டாக மெர்ஜ் செய்வது. ஆர்டர் ஷீட்டில் ஒரு ஆர்டருக்கு ஒரு வரி, 10,000 பீஸ். புரொடக்‌ஷன் ஷீட்டில் அதே ஆர்டருக்கு 15 நாள் பதிவு, 15 வரி. இரண்டையும் ஆர்டர் நம்பர் வைத்து மெர்ஜ் செய்தால் 10,000 என்ற எண் 15 வரியிலும் ஒட்டிக்கொள்ளும்; கூட்டினால் 1,50,000. ஆர்டருக்கு ஆர்டர் நாள் எண்ணிக்கை மாறும் என்பதால் தவறும் ஒரே விகிதத்தில் இருக்காது, கண்ணுக்குச் சட்டென்று படாது. இதற்கு வழி, ஷீட்டுகளைத் தனித்தனியாகவே விடுவது. ஆர்டர் பட்டியல், தேதிப் பட்டியல், லைன் பட்டியல் ஆகிய மூன்றும் நடுவில் நிற்கும். கட்டிங் பதிவு, தையல் பதிவு, பேக்கிங் பதிவு ஒவ்வொன்றும் அந்தப் பட்டியல்களோடு மட்டும் இணையும், ஒன்றோடொன்று நேராக இணையாது. ஸ்டார் ஸ்கீமா என்பது இதுதான். அந்த இணைப்புகளைப் பட்டியலிலிருந்து பதிவுக்கு என்று ஒரே திசையில் வையுங்கள். எண் வரவில்லை என்று பொறுமையிழந்து இரு திசையாக மாற்றினால் எண் வந்துவிடும், ஆனால் எந்த வழியாக ஃபில்டர் ஆகி வந்தது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

அடுத்த தவறு சதவீதங்களைச் சராசரி எடுப்பது. லைன் எஃபிஷியன்சி என்பது, தைத்த பீஸ் எண்ணிக்கையை ஒரு பீஸுக்கான சாம் நிமிடத்தால் (அதைத் தைக்க நிர்ணயித்த நேரம்) பெருக்கி, ஆட்கள் வேலை செய்த மொத்த நிமிடத்தால் வகுத்து வருவது. முதல் லைனில் 30 பேர், 480 நிமிடம், சாம் 12, தைத்தது 720 பீஸ்: 8,640-ஐ 14,400-ஆல் வகுத்தால் 60 சதவீதம். இரண்டாம் லைனில் 10 பேர், அதே 480 நிமிடம், சாம் 6, தைத்தது 240: 1,440-ஐ 4,800-ஆல் வகுத்தால் 30 சதவீதம். பவர் பிஐயில் எஃபிஷியன்சி பத்தியை இழுத்துப் போட்டுச் சராசரி என்று தேர்ந்தெடுத்தால் 45 காட்டும். உண்மையில் மொத்தம் ஈட்டிய நிமிடம் 10,080, மொத்தம் வேலை செய்த நிமிடம் 19,200, ஆகவே 52.5 சதவீதம். மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும். இதற்கு மூன்று மெஷர், அதாவது பவர் பிஐ ஃபார்முலா, எழுதுங்கள்: ஈட்டிய நிமிடம் ஒன்று, வேலை செய்த நிமிடம் ஒன்று, டிவைட் ஃபங்ஷன் வைத்து இரண்டையும் வகுப்பது ஒன்று. ரிஜெக்‌ஷன் சதவீதம், கட்டிங் முதல் ஷிப்மெண்ட் வரையிலான விகிதம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

திருப்பூருக்கே உரிய ஒரு பொறியும் இதில் இருக்கிறது. மேலே சொன்ன முதல் லைன் அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட், அதாவது 720 நிமிடம் ஓடியிருந்தால் வகுக்க வேண்டியது 21,600-ஆல். எஃபிஷியன்சி 40 சதவீதம்தான். ஃபார்முலாவுக்குள் 480 என்று கையால் எழுதி வைத்திருந்தால் திரை 60 என்றே காட்டும், அதிகமாக ஓவர்டைம் ஓட்டிய லைன்தான் நல்ல லைன் என்று பெயர் வாங்கும். நிமிடக் கணக்கு அட்டெண்டன்ஸிலிருந்து வர வேண்டும். அங்கிருந்து எடுக்க முடியாவிட்டால் எஃபிஷியன்சியை இப்போதைக்குக் காட்டாமல், ஒரு ஆளுக்கு ஒரு ஷிப்ட்டில் எத்தனை பீஸ் என்று காட்டுவதே நேர்மை.

கணக்கு சரியாக இருந்தும் சண்டை வருவதற்குக் காரணம் சொல்லின் பொருள். ‘ஆன் டைம் ஷிப்மெண்ட் 94 சதவீதம்’ என்று போடுகிறீர்கள். எந்தத் தேதியை வைத்து? பையர் முதலில் கொடுத்த தேதியா, மெர்ச்சண்டைசர் பேசி நீட்டித்து வாங்கிய தேதியா? நீட்டித்த தேதியை வைத்தால் கம்பெனி எப்போதும் நல்ல பெயரோடு இருக்கும், ஃபேப்ரிக் தாமதமாக வந்த கதை எங்குமே தெரியாது. இரண்டு தேதியையும் தனித்தனிப் பத்தியில் வைத்து இரண்டு எண்ணாகக் காட்டுங்கள். ‘முடிந்தது’ என்றால் தையல் முடிந்ததா, பெட்டியில் போட்டு ஒட்டியதா? ஒரு பாகம் ஷிப்ட் ஆன ஆர்டர் எதில் சேரும்? இதையெல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு மெஷருக்கும் இரண்டு வரியாக எழுதுங்கள்: எதை எண்ணுகிறோம், எதை விட்டுவிடுகிறோம், எந்தப் பதிவிலிருந்து வருகிறது, அந்தப் பதிவுக்கு யார் பொறுப்பு. தலைப்புகளில் ஃப்ளோரில் புழங்கும் சொல்லையே போடுங்கள். அங்கே எல்லோரும் ‘பேலன்ஸ்’ என்றால் திரையிலும் ‘பேலன்ஸ்’ என்றே இருக்கட்டும்.

தேதிக் கணக்கில் நான்கு இடம் பார்க்க வேண்டும். இன்று 12-ஆம் தேதி என்றால் இந்த மாதம் 12 நாள்தான். அதைப் போன மாதத்தின் முழு எண்ணோடு ஒப்பிட்டால் 28-ஆம் தேதிவரை எல்லாம் சிவப்பாகவே இருக்கும். போன மாதத்தின் முதல் 12 நாளோடு, இன்னும் சரியாகச் சொன்னால் அதே எண்ணிக்கை வேலை நாட்களோடு ஒப்பிடுங்கள். அதற்குத் தேதிப் பட்டியலில் ‘வேலை நாளா’ என்று ஒரு பத்தி வேண்டும், அதை நிரப்புவது ஒரு மணி நேர வேலைதான். இரண்டாவது தீபாவளி. 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி லைன் முழுதாக ஓடுவதற்குள் பல நாள் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அக்டோபரைப் போன அக்டோபரோடு ஒப்பிடும் சார்ட்டுக்கு இது தெரியாது. அந்தக் காலத்துக்கு மட்டும் தீபாவளிக்கு முன்னால் 4 வாரம், பின்னால் 4 வாரம் என்று ஒப்பிடுவது பொருத்தமாக இருக்கும். மூன்றாவது நிதியாண்டு. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டித் தரும் டோட்டல் ஒய்டிடி ஃபங்ஷன் தானாக டிசம்பர் 31-ஐத்தான் ஆண்டு முடிவாக எடுத்துக்கொள்ளும். மார்ச் 31 என்று நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

நான்காவது, பலரையும் குழப்புவது. உங்கள் கம்ப்யூட்டரில் சரியாக இருந்த ‘கடைசியாகப் புதுப்பித்த நேரம்’ பப்ளிஷ் செய்ததும் 5 மணி 30 நிமிடம் பின்னால் போய்விடும். இணையத்தில் இருக்கும் பவர் பிஐ சர்வீஸ் யுடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஓடுவதே காரணம். டுடே ஃபங்ஷனும் அங்கே நம்முடைய அதிகாலை 5:30 வரைக்கும் நேற்றைய தேதியையே தரும். இரவு ஷிப்ட் ஓடும் இடத்தில் இது நிஜமான தவறாகிவிடும். யுடிசி நேரத்தை எடுத்து 5:30 கூட்டிக்கொள்ளுங்கள், இரண்டு இடத்திலும் சரியாக வரும்.

புதுப்பித்த நேரத்தைவிட முக்கியம் கடைசிப் பதிவு நேரம். ரெஃப்ரெஷ் காலை 8:45-க்குச் சரியாக நடந்திருக்கும், ஆனால் ஐந்தாம் லைன் சூப்பர்வைசர் இரண்டு நாளாக எதையும் ஏற்றியிருக்க மாட்டார். திரையில் அந்த லைன் படுத்துவிட்டது போலத் தெரியும், அவருக்கு மீட்டிங்கில் வீண் திட்டு விழும். ஒவ்வொரு லைன் பெயருக்குப் பக்கத்திலும் ‘கடைசிப் பதிவு: நேற்று மாலை 6:10’ என்று சின்ன எழுத்தில் வர வையுங்கள். இந்த ஒரு வரி பல வாக்குவாதங்களைத் தவிர்க்கும்.

ரெஃப்ரெஷ் நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணம். கேட்வே (கம்பெனிக்குள் இருக்கும் தகவலை பவர் பிஐ சர்வீஸுக்கு அனுப்பும் மென்பொருள்) போட்டிருக்கும் கம்ப்யூட்டர் யாரோ ஒருவருடைய மேஜைக் கம்ப்யூட்டராக இருக்கும்; அவர் மாலை அணைத்துவிட்டுப் போவார். அதற்கு எப்போதும் ஓடும் மெஷின் வேண்டும், யூபிஎஸ்ஸோடு, ஸ்லீப் அமைப்பை நிறுத்திவிட்டு. இரண்டாவது, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியிருக்கும். மூன்றாவது, எக்செல்லில் யாராவது ஒரு பத்தியின் பெயரை மாற்றியிருப்பார்கள். பவர் குவெரி தானாகச் சேர்க்கும் ‘சேஞ்ச்டு டைப்’ என்ற படி ஒவ்வொரு பத்தியின் பெயரையும் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். ‘க்யூட்டி’ என்பதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழுந்தாலே அந்தப் பத்தி இல்லை என்று நின்றுவிடும். எக்செல்லைத் தவிர்க்க முடியாத இடத்தில் தலைப்பு வரியைப் பூட்டி, லைன் பெயர், ஆர்டர் நம்பர் இரண்டையும் பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். ப்ரோ லைசென்ஸில் ஒரு நாளைக்கு 8 முறைதான் நேரம் குறித்து ரெஃப்ரெஷ் செய்யலாம். தொடர்ந்து 4 முறை தோற்றால் பவர் பிஐ அந்த ரெஃப்ரெஷ் நேர ஏற்பாட்டையே நிறுத்திவிடும். தோல்வி மின்னஞ்சல் உங்கள் ஒருவருக்கு மட்டும் வராமல் இன்னொருவருக்கும் போகும்படி செய்யுங்கள். நீங்கள் லீவு போடும் நாளில்தான் அது நிற்கும்.

இப்போது நீங்கள் கேட்ட சார்ட். புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து ஒரு விஷயம் உறுதியாகத் தெரியும்: ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதைக் கண் மிகச் சரியாக மதிப்பிடும், நீளத்தையும் கோணத்தையும் அடுத்தபடியாக, பரப்பளவை அதைவிடத் தவறாக. ஆகவே லைன்களை ஒப்பிடப் படுக்கை பார், நாள்போக்கைக் காட்டக் கோடு, இரண்டும் சேர்ந்து ஒரு தொழிற்சாலையின் பெரும்பாலான தேவைக்குப் போதும். பாரின் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். 92-ஐயும் 95-ஐயும் 90-இல் தொடங்கிக் காட்டினால் பாரின் நீளம் 2-க்கு 5 ஆகி, ஒரு லைன் இன்னொன்றைப்போல் இரண்டரை மடங்கு என்று கண் சொல்லும். கோட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கார் மீட்டர் மாதிரியான கேஜ் திரையின் கால்வாசியை எடுத்துக்கொண்டு ஒரே எண்ணைச் சொல்கிறது. அந்த இடத்தில் 8 லைனுக்கும் பாரும் டார்கெட் கோடும் போட்டுவிடலாம். பை சார்ட்டே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. இரண்டே பாகம் என்றால் தப்பில்லை, ஆறேழு பையரை வெட்டிக் காட்டும்போதுதான் அது பயனற்றுப் போகிறது.

நிறத்தில் கைச்சிக்கனம் வேண்டும். எல்லாம் சாம்பல், இன்றைக்கு யாராவது ஏதாவது செய்ய வேண்டிய வரிக்கு மட்டும் ஒரு நிறம். 20 ஆர்டரில் 14 சிவப்பாக இருந்தால் சிவப்புக்கு அர்த்தமே போய்விடும். அப்போது எல்லையை மாற்றுங்கள், அல்லது பற்றாக்குறை 2 நாளுக்கு மேல் உள்ளதை மட்டும் சிவப்பாக்குங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஐரோப்பிய வம்சாவளியில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவர். எனவே நிறத்தோடு ‘தாமதம்’ என்ற சொல்லும் இருக்கட்டும். பவர் பிஐ தானாகச் சுருக்கும் அலகுகள் ஆயிரம், மில்லியன், பில்லியன்; 1.25 மில்லியன் என்று பார்த்து எம்.டி. மனக்கணக்குப் போடக் கூடாது. மெஷரையே 1,00,000-ஆல் வகுத்து, தலைப்பில் ‘ரூபாய், லட்சத்தில்’ என்று எழுதி 12.5 என்று காட்டுங்கள்.

தினமும் ஏறி இறங்கும் எண்ணுக்கு மேலே கீழே அம்புக்குறி போடுவதை நிறுத்துங்கள். ரிஜெக்‌ஷன் நேற்று 3.9, இன்று 4.0 என்றால் அந்தச் சிவப்பு அம்பு செக்கிங் பகுதியில் வீண் விசாரணையைத்தான் கிளப்பும். எளிய வழி ஒன்று இருக்கிறது. 4.1, 3.6, 4.4, 3.9, 4.0 என்று ஐந்து நாள் எடுத்துக்கொள்வோம், சராசரி 4.0. அடுத்தடுத்த நாள் வித்தியாசங்கள் 0.5, 0.8, 0.5, 0.1, அவற்றின் சராசரி 0.475. அதை இந்த முறையின் மாறா எண்ணான 2.66-ஆல் பெருக்கினால் 1.26. சராசரியோடு கூட்டியும் கழித்தும் பார்த்தால் 5.26-க்கும் 2.74-க்கும் இடையில் எது வந்தாலும் அது வழக்கமான ஏற்ற இறக்கம். நாளை 4.6 வந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம், 5.5 வந்தால் கூப்பிடுங்கள். கணக்கு புரியத்தான் ஐந்து நாள். நடைமுறையில் 20 நாளாவது எடுங்கள், ஸ்டைல் மாறினால் புதிதாகத் தொடங்குங்கள். நாள்போக்குக்கு ஒரு கோடு, சராசரிக்கும் இரண்டு எல்லைக்கும் மூன்று மட்டக் கோடு, இவ்வளவுதான் சார்ட்.

ஒரு பக்கத்தில் எத்தனை சார்ட் இருக்கலாம் என்பதற்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எந்த எண்ணையும் விதியாக எடுக்க வேண்டாம். என் கருத்து, லேப்டாப்பில் ஸ்க்ரோல் செய்யாமல் தெரிய வேண்டும், எழுத்தைக் கை நீட்டும் தூரத்தில் படிக்க முடிய வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறினால் எண்ணிக்கை தானே அடங்கிவிடும். சார்ட் குறைந்தால் பக்கமும் வேகமாகத் திறக்கும், ஏனென்றால் ஒவ்வொரு சார்ட்டும் தனியாக ஒரு குவெரி அனுப்புகிறது. எது மெதுவாக்குகிறது என்பதை பவர் பிஐயின் பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் மில்லிசெகண்டில் காட்டிவிடும். எம்.டி. போனில்தான் பார்ப்பார் என்றால் மொபைல் லேஅவுட்டைத் தனியாக அமையுங்கள். அதில் அந்த ஆர்டர் அட்டவணை மட்டும், அதுவும் மூன்று பத்தியோடு இருந்தால் போதும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது நிச்சயம் நடக்கும். ஆகவே தேதியும் நேரமும் பக்கத்தின் தலைப்பிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன வாரத்துப் படம் இன்றைய மீட்டிங்கில் பேசும்.

அந்த எக்செல்லுக்கு வருவோம். அதை எதிர்க்காதீர்கள். பழைய ஷீட்டில் பத்திகள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் இரண்டாம் பக்கத்தில் ஒரு மேட்ரிக்ஸ் (எக்செல் போன்ற அட்டவணை) போடுங்கள். முதல் பக்கத்தில் ஆர்டர் நம்பரின் மேல் வலது க்ளிக் செய்து ட்ரில் த்ரூ கொடுத்தால் அந்த ஆர்டரின் நாள்வாரிப் பதிவு அங்கே திறக்க வேண்டும், மேலே ஆர்டர் நம்பரைத் தேடும் பெட்டியும் இருக்க வேண்டும். கூட்டிப் பார்க்க நினைத்தால் அங்கிருந்தே எக்செல்லாக எடுத்துக்கொள்ளட்டும். முதல் பக்கத்து எண்ணும் அதுவும் ஒன்றாக வருவதை அவரே நான்கைந்து முறை பார்க்க வேண்டும். எல்லோருக்கும் சுலபமாகப் போகட்டும் என்று ‘பப்ளிஷ் டு வெப்’ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த லிங்க் கிடைத்த யாரும் லாக்இன் இல்லாமல் பையர் பெயரையும் விலையையும் பார்க்கலாம். ப்ரோவில் பகிர்ந்தால் பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பழைய 14 சார்ட்டை அழிக்க வேண்டாம், ‘மற்றவை’ என்று ஒரு தனிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். பவர் பிஐயின் யூசேஜ் மெட்ரிக்ஸ் எந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்று காட்டும். ஒரு மாதம் கழித்து அதைப் பாருங்கள். அந்தப் பக்கத்தை யாராவது திறந்திருந்தால் அவரிடம் போய் எதைத் தேடினார் என்று கேளுங்கள், அந்த ஒன்றை மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள்.